மூன்று நொடிக்குள் சொன்னால் தப்பு

1

போன வாரம் என் அலுவலகக் கணினி எனக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. வேலையில் சேர்ந்து பத்தாண்டு நிறைவாம். காலையில் கடவுச்சொல்லைப் போட்டதும் திரை முழுக்கக் காகிதப்பூ கொட்டியது. நடுவில் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம் சுற்றியது. அதன் கீழே 'தொடருங்கள்!' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் மின்னஞ்சலுக்கே போக முடியும், அமுக்கினேன். மனிதர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் மட்டும், "குமார், மறுபடியும் பனி கொட்டுகிறது, பார்த்தாயா?" என்று கேட்டார்.

ஏப்ரல் மாதத்தில் பனி கொட்டும் ஊர் இது. கனடாவின் நட்டநடுவில் இருக்கும் வின்னிபெக். இதே ஏப்ரலில் எங்கள் திருவண்ணாமலையில் பகலில் மலையை நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும். இங்கே நான் கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பத்து வருடமாகச் சுரண்டுகிறேன், இன்னும் ஒழுங்காக வரவில்லை.

அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அது எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நட்சத்திரம். எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதிரி நட்சத்திரங்களை எடைபோட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பே. அந்தப் பிழைப்பில் நான் செய்த ஒரு காரியத்தால், இந்த வருடம் எங்கள் ஊரில் பர்வீன் என்கிற பத்து வயதுப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போய்விட்டது. யார் யார் மேலெல்லாமோ கோபம் வருகிறது. அதில் பாதிக்கு மேல் என் மேல்தான்.

2

என் வேலையைப் பற்றி ஊரில் யார் கேட்டாலும் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். "கேம் ஆடறதுக்கு சம்பளமா?" என்பார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான். வகுப்பறையில் பிள்ளைகள் ஆடிப் பாடம் கற்கட்டும் என்று கம்பெனிகள் கணினி விளையாட்டுகளைச் செய்து கொண்டுவந்து கொட்டுகின்றன. எங்கள் பகுதிப் பள்ளிகளுக்குள் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு இருக்கிறது. அதில் நான் மூன்றாவது ஆள். அறிக்கையில் என் பெயர் வராது. 'மதிப்பீட்டாளர் 3' என்றுதான் வரும்.

நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. பாடத்திட்டத்தோடு பொருந்துகிறதா, பிள்ளைகளின் விவரங்களை எங்கே சேமிக்கிறது, நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளை ஆட முடியுமா, சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடலாமா, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். பிறகு ஒரு வகுப்பின் கடைசி வரிசையில், முழங்கால் முகவாயில் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எப்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். பிறகு கூட்டம். கூட்டத்தில் நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை கூட்டி, இலக்கணம் பார்த்து, வாயைத் திறக்கும்போது அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். முதல் வருடம் விடுப்புக் கடிதத்தில் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று எழுதிக் கொடுத்தேன். எந்த ரயில் நிலையம் என்று மேலதிகாரி அக்கறையாக விசாரித்தார். நம் ஊரில் பியூனுக்குக்கூடப் புரியும் ஆங்கிலம் அது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கணக்கு விளையாட்டு வந்தது. குளத்தில் தாமரை இலைகள். ஒரு தவளை. சரியான விடையை அமுக்கினால் தவளை அடுத்த இலைக்குத் தாவும். தப்பானால் தண்ணீரில் விழும். இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். இதில் புதுசு என்னவென்றால், கேள்வி வந்து மூன்று நொடிக்குள் விடையை அமுக்கினால், அந்த விடை சரியாகவே இருந்தாலும், பிள்ளை யோசிக்காமல் குத்துமதிப்பாக அமுக்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். தவளை தலையை ஆட்டி, பிள்ளையைப் பழைய பாடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் பகுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் கண்டதையும் தட்டித் தட்டி ஆட்டத்தை முடிப்பது பெரிய தலைவலியாக இருந்ததால், குழுவில் எல்லாருக்கும் இது பிடித்துப்போயிற்று.

எனக்கும்தான். ஆனால் என் வீட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. என் மகள் நிலாவுக்கு அப்போது பத்து வயது. எந்த விளையாட்டு வந்தாலும் அவளிடம் கொடுத்துப் பார்ப்பேன். அரை மணி நேரத்தில் எல்லாப் பாடமும் முடித்துப் பச்சை வாங்கிவிட்டாள். அந்த விளையாட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் கடைசியில் ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் தேர்ச்சி. மஞ்சள் என்றால் கவனம் தேவை. சிவப்பு என்றால் அடிப்படையே தெரியாது. "எப்படிடா கண்ணு இவ்வளவு சீக்கிரம்?" என்றேன்.

"அப்பா, ஜஸ்ட் வெயிட் பண்ணணும். அஞ்சு வரைக்கும் கவுன்ட் பண்ணிட்டு எதையாவது பிரஸ் பண்ணா, நாம திங்க் பண்றோம்னு அது நம்பிடும். தப்புனாலும் ஒண்ணும் பண்ணாது, இன்னொரு சான்ஸ் குடுக்கும்."

அவளிடமிருந்து ஒரே மூச்சில் அத்தனை தமிழ் வார்த்தைகள் வந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதெல்லாம் பசி, சாப்பாடு தவிர வேறெதற்கும் தமிழ் வருவதில்லை. சிரித்தேன். மறுநாள் அலுவலகத்துக்குப் போய், 'குத்துமதிப்பாக விடையளிக்கும் பழக்கத்தைக் கண்டறிந்து திருத்துகிறது' என்று எழுதி ஐந்துக்கு ஐந்து போட்டேன். தெரிந்தே போட்டேன். குழுவே கொண்டாடிய விளையாட்டுக்கு நான் மட்டும் இரண்டு போட்டு, ஏன் என்று ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்க எனக்குத் தெம்பில்லை.

3

இந்த ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, மூன்று வாரம் ஊருக்கு வந்தேன். மனைவிக்கும் மகளுக்கும் விடுமுறை இல்லாததால் தனியாக. கலா அக்கா வீட்டில் தங்கினேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது. நான் காலேஜ் படிக்கிற காலத்தில் அங்கே ஒரு டீக்கடையும் சைக்கிள் கடையும்தான். இப்போது சந்துக்குச் சந்து வெள்ளைக்காரர்கள் உட்காரும் காபிக் கடை. ஒன்றில் நுழைந்தேன். பையன் என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, ஆங்கிலத்தில் வரவேற்று, பாதாம் பாலில் காபி வேண்டுமா என்று கேட்டான். "தம்பி, ஃபில்டர் காபி இருக்கா?" என்றேன்.

"சார் தமிழா? எந்த ஊரு சார்?"

"இதே ஊருதான்."

"சூப்பர் சார். கிரிவலம் போனீங்களா? மேப் தரட்டுங்களா?"

ஊரைச் சுற்றிப் பார்க்க எனக்கே வரைபடம் கொடுக்கிறான். வாங்கிக்கொண்டேன். கனடாவில் நான் எங்கிருந்து வந்தவன் என்று கேட்டால் சொல்ல ஒரு ஊராவது இருக்கிறது.

அக்கா கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். "உன் தொழில் சம்பந்தமா எங்க ஸ்கூலுக்கே ஒரு தலைவலி வந்துருக்குது. வந்து பார்றா" என்று அழைத்துப் போனாள்.

வகுப்பில் பத்து டேப்லெட். ஒரு அறக்கட்டளை கொடுத்தது. சுவரில் அவர்கள் ஒட்டிய பெரிய வண்ணத் தாள். தாளில் தாமரை இலையும் தவளையும். 'கனடா நாட்டுப் பள்ளிகளில் மதிப்பிடப்பட்டது' என்று மேலே. கீழே தடித்த எழுத்தில்: 'ஊகித்து விடையளிக்கும் பழக்கத்தைக் கண்டறிந்து திருத்துகிறது.'

என் வாக்கியம். ஆங்கிலத்தில் நான் எழுதியதை யாரோ தமிழாக்கி, என் அக்கா வகுப்புச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் மதிப்பீடுகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இணையத்தில் போட்டுவைப்பது எங்கள் அலுவலகத்துக்குப் பெருமை. யார் படிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"என்னாடா, பேயறைஞ்சவன் மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா.

"இது நான் எழுதுனது அக்கா."

"இதுவா? அப்ப உன்னைத்தான் ரெண்டு மாசமா நான் திட்டிக்கினு இருக்கேனா?"

4

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. நான் படித்த காலத்திலும் இருந்தது, அக்கா வகுப்பில் இன்றும் இருக்கிறது. சாயங்காலம் கடைசி மணிக்குக் கால் மணி நேரம் முன்னால் பையை மாட்டிக்கொண்டு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். டீச்சர் வாய்ப்பாட்டில் கேள்வி கேட்பார். எவர் முதலில் கத்துகிறாரோ அவர் முதலில் வெளியே போகலாம். யோசித்தால் கடைசி. யோசிப்பது என்றாலே எங்களுக்கு வீட்டுக்கு லேட்டாகப் போவது என்று அர்த்தம். என்னுடைய எட்டாம் வாய்ப்பாடு முழுக்க அப்படித்தான் வந்தது. வாசலில் ஐஸ் வண்டிக்காரர் கிளம்பிவிடுவாரே என்ற பயத்தில்.

இப்படி வளர்ந்த பிள்ளைகளிடம் போய்த் தவளை, 'சிந்தித்து விடை கூறுக!' என்று செய்தி வாசிக்கிற குரலில் சொன்னால் என்ன ஆகும்? கேள்வி வந்து முடிவதற்குள் விரல் விழுகிறது. விடை சரி. தவளை தலையை ஆட்டுகிறது. இரண்டும் மூன்றும் எத்தனை என்று முதல் வகுப்புப் பாடத்துக்கு அனுப்புகிறது. அதற்கு இன்னும் வேகமாக அமுக்குகிறார்கள். இன்னும் கீழே அனுப்புகிறது. போதாததற்குப் பௌர்ணமி. அன்று அப்பா அம்மாவோடு பாதையில் கடை போடப் பாதி வகுப்பு போய்விடும். மறுநாள் வந்து திறந்தால், தொடர்ந்து வராததால் தாமரை வாடிவிட்டது என்று தவளை அழுதுகொண்டிருக்கும். நான் 'உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்றது' என்ற கேள்விக்கு நான்கு போட்டிருந்தேன். எந்த உள்ளூர் என்று படிவம் கேட்கவில்லை.

மொத்த வகுப்பிலும் மோசமான சிவப்பு பர்வீன். அவள் அப்பா அன்வர் பாய் கோயில் வீதியில் வளையல் கடை வைத்திருப்பவர். மூன்று தலைமுறையாக அதே தொழில். வளையலை டஜன் டஜனாகக் கோத்து, அளவு வாரியாக அட்டைப்பெட்டியில் அடுக்குவது பர்வீனுக்கு விளையாட்டு. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை அவளிடம் கேட்கவே கூடாது. "பன்னெண்டு ஏழு" என்று நான் முடிக்கும் முன் "எம்பத்தி நாலு" என்றாள். "பதினாலு டஜன்?" என்றேன். "நூத்தி அறுவத்தி எட்டு சார். கஷ்டமா ஏதாவது கேளுங்க." எல்லாருக்கும் முன்னால் தினமும் வீட்டுக்குப் போகிறவள் அவள்தான். தவளைக்கு அவள் அடிப்படை தெரியாதவள்.

சும்மா ஒரு நிறம்தானே என்று விட்டுவிட முடியாது. அந்த அறக்கட்டளை வேறு ஊரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு தங்கும் பள்ளி நடத்துகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிப்பு, சாப்பாடு எல்லாம் இலவசம். நல்ல பள்ளி என்று அக்கா நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டு பேரை நேர்காணலுக்கு அழைப்பார்கள். பச்சை வாங்கியவர்களை மட்டும். பர்வீனை அங்கே அனுப்ப அக்கா ஒரு வருடமாக அன்வர் பாய் கடைக்கு நடையாய் நடந்து சம்மதம் வாங்கியிருந்தாள்.

நான் இருந்தபோதே அவர் பள்ளிக்கு வந்தார். அறக்கட்டளை பெற்றோருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியைக் காட்டினார்.

"பொண்ணை வெளியூர்ல உடணுமேன்னு நானே மனசைத் தேத்திக்கினு சரின்னு சொன்னேன் டீச்சர். இப்ப மெஷினே மக்குனு சொல்லுது. அங்க போயி மத்த பிள்ளைங்க நடுவுல கம்மியாப்பூட்டா அது மனசு என்னா ஆவும்? ஊட்டோட இருக்கட்டும் உடுங்க."

"பாய், அவ மக்கு இல்ல. உங்க கடையில அவ டஜன் கணக்கு சொல்றதைக் கேட்டதில்லையா நீங்க?"

"கேட்டுருக்கேன். கடைக் கணக்கு வேற, படிப்பு வேறன்னு நெனச்சிக்கினேன்."

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அந்தச் செய்திக்கு மதிப்புக் கொடுத்தார். அந்த மெஷினுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டவன் நான், பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

5

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளருக்கு அக்கா போனிலிருந்தே பேசினேன். பொறுமையான இளைஞர். அதனால் இன்னும் எரிச்சல்.

"சிஸ்டம்ல பச்சை வந்தா ஆட்டோமேட்டிக்கா லிஸ்ட்ல வந்துடும் சார். சிவப்பு வந்தா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"அந்த மூணு நொடி விஷயமே தப்புங்க. வேகமா சரியா சொல்ற பிள்ளைங்களை அது ஃபெயில் ஆக்குது."

"இல்ல சார், அதெல்லாம் கனடாவுல டெஸ்ட் பண்ணி ஓகே பண்ணிட்டாங்க. அவங்க ஒத்துக்கிட்டதை நாம எப்படி சார் தப்புனு சொல்றது?"

"நான்தாங்க அந்தக் கனடா."

"சார் எங்கேர்ந்து பேசறீங்க?"

"திருவண்ணாமலையிலேர்ந்து."

"சரிங்க சார்" என்றார், பைத்தியக்காரனிடம் பேசுகிற மரியாதையோடு. "அறிக்கையில உங்க பேரு இருக்குங்களா?"

இல்லை. மதிப்பீட்டாளர் 3.

அக்காவின் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து, கொடுத்த மதிப்பீட்டைத் திருத்துவதற்கான படிவம் எங்கே என்று தேடினேன். இருந்தது. மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். கம்பெனியின் விளக்கத்துக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். முந்தைய மதிப்பீட்டின்போது இந்தக் குறை தெரிந்திருந்ததா, ஆம், இல்லை என்று ஒரு கட்டம். 'ஆம்' என்று போட்டால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அடுத்த பக்கம் திறந்தது. என் ஒப்பந்தம் வருடாவருடம் மார்ச்சில் புதுப்பிக்கிற ஒப்பந்தம். நடப்பது ஜனவரி. மூடிவிட்டேன்.

இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒப்பந்தம் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன், வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது, மூடிவிட்டேன். மூடிய கையோடு என் மகளின் தந்திரம் ஞாபகம் வந்தது. யாருக்கும் தொந்தரவில்லாத வழி. அடுத்த நாள் வகுப்பில் நின்று பெரிய நிபுணன் போலச் சொன்னேன்: "கேள்வி வந்ததும் கையைக் கட்டிக்குங்க. மனசுக்குள்ள ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் அமுக்குங்க."

பர்வீன் கையைத் தூக்கினாள். "தெரிஞ்ச பதிலை எதுக்கு சார் வச்சிக்கினு இருக்கணும்?"

"அப்பத்தாம்மா பச்சை வரும்."

"வாயில எச்சில் ஊறுற மாதிரி விரல்ல ஊறுது சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் செய்தாள். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்து எண்ணி, பிறகு அமுக்கினாள். தவளை தாவியது. நான் விமானம் ஏறும் முன்னமே மஞ்சளுக்கு வந்துவிட்டாள். அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "நான் சாயங்காலம் வேகமா சொல்லுங்கறேன், நீ காலையில மெதுவா சொல்லுங்கற. பிள்ளைங்க யார் சொல்றதைக் கேக்கும்?" என்றாள். "நேர்காணல் முடியட்டும்கா, அப்புறம் பழையபடி மாத்திக்கலாம்" என்றேன். கடைசி மணி வாய்ப்பாட்டை அவள் எனக்காக நிறுத்திவைத்தாள்.

6

பிப்ரவரியில் பர்வீன் பச்சை. அன்வர் பாய் அக்கா வீட்டுக்கு ஒரு பெட்டி வளையல் கொண்டுவந்து கொடுத்தாராம். அக்கா படம் அனுப்பியிருந்தாள். மார்ச்சில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டு நாள் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மார்ச் கடைசியில் நேர்காணல். அக்காவும் அன்வர் பாயும் அவளை பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். டேப்லெட் இல்லை, தவளை இல்லை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வாயால் கேட்டு வாயால் சொல்ல வேண்டும். அக்கா கதவுச் சந்தில் நின்று பார்த்திருக்கிறாள். முடிவு வந்த அன்று போனில் சொன்னாள்.

"முதல் கேள்வியே பன்னெண்டு ஒம்போதுடா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. இவ கையைக் கட்டிக்கினு நிக்கறா. உதடு மட்டும் அசையுது. கேள்வி கேட்ட அந்தம்மா பாவம், நல்லவங்கதான், தெரியலேன்னா பரவால்லம்மான்னு சொன்னாங்க. எண்ணிக்கினு இருந்தது வுட்டுப்போச்சு போல, மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்றா. கத்தணும் போல இருந்துச்சு. அப்புறம்தான் நூத்தி எட்டுன்னா. ஒவ்வொரு கேள்விக்கும் அப்படியேடா. ஒண்ணுகூட தப்பு இல்ல. ஒண்ணுகூட உடனே சொல்லல."

கடிதத்தில் ஒரே வரி. 'கணக்கில் தயக்கம் உள்ளது. அடிப்படைப் பயிற்சி தேவை.' எடுத்துக்கொள்ளவில்லை.

"வேகமா சொல்றவங்களை வேணாங்கற மெஷினும் அவங்களுதுதான், மெதுவா சொல்றவங்களை வேணாங்கற மேசையும் அவங்களுதுதான்" என்று அக்கா பொரிந்தாள். பிறகு குரலை இறக்கி, "ஆனா சொல்லிக்குடுத்தது நீ" என்றாள்.

அன்று மாலை நிலாவிடம் நடந்ததைச் சொன்னேன். புருவத்தைச் சுருக்கினாள். "பட் அப்பா, இன்டர்வியூ கேம் இல்லையே. அங்க ஏன் அந்தப் பொண்ணு வெயிட் பண்ணா?" அவளுக்கு அது அவ்வளவு சுலபம். எது ஏமாற்றத் தக்கது, எது இல்லை என்று இந்த ஊர் அவளுக்குக் குழந்தையிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டது. அவளுக்கு அது தந்திரம். பர்வீனுக்கு அது பாடம். கனடாவிலிருந்து வந்த சார் வகுப்பில் நின்று சொன்ன பாடம்.

திருத்தப் படிவத்தை அன்றைக்கே திறந்தேன். 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அடுத்த பக்கத்தில் உண்மையை எழுதி, அக்கா வகுப்பில் நடந்ததைச் சான்றாக இணைத்தேன். 'மதிப்பீட்டாளர் 3' என்று தானாக வந்ததை அழித்துவிட்டு முழுப்பெயரைப் போட்டேன். மூன்று நாளில் பதில் வந்தது. இணைத்த வகுப்பறைச் சான்று எங்கள் நிர்வாக எல்லைக்கு வெளியே உள்ள பள்ளியைச் சேர்ந்ததாம், ஏற்க இயலாதாம். எல்லைக்குள் சான்று திரட்டி மறுபடி அனுப்பலாமாம். மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்து, 'ஆம்' என்ற கட்டத்தைக் கைதவறிக் குறித்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். யோசித்துச் சொல் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். அந்த அறையில் நான் உடனே பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த மார்ச்சில் தெரியும் என் கதை. நட்சத்திரம் வந்தது அந்தப் பேச்சுக்கு மறுநாள்.

7

போன ஞாயிறு அக்காவே கூப்பிட்டாள். இங்கே காலை ஏழு, அங்கே மாலை ஐந்தரை. பர்வீன் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். ஆறாம் வகுப்புக்கு எங்கே என்று அன்வர் பாய் இன்னும் வாயைத் திறக்கவில்லையாம். "கடையில உக்காரட்டும்னுதான் சொல்லுவாரு போலடா" என்றாள் அக்கா. அரசுப் பள்ளியிலாவது சேர்க்கச் சொல்லித் திரும்பவும் கடைக்கு நடக்கப் போகிறாள். "இவகிட்ட நீயே பேசு. கடைசி மணி வாய்ப்பாடு மறுபடியும் ஆரம்பிச்சிட்டேன். இப்பல்லாம் கடைசியாத்தான் வீட்டுக்குப் போறா" என்று போனை அவளிடம் கொடுத்தாள்.

திரையில் அவள் முகம். மரியாதைக்குச் சிரித்தாள்.

என்ன பேசுவது என்று தெரியாமல், "பன்னெண்டு ஏழு?" என்றேன்.

கை கட்டிக்கொண்டது. உதடு அசைந்தது. ஜனவரியில் நான் கேட்டு முடிக்கும் முன் சொன்ன அதே கணக்கு. நான் பொறுக்க முடியாமல், "தெரிஞ்சா உடனே சொல்லும்மா கண்ணு. எண்ண வேணாம். நான் சொன்னது தப்பு. எண்ணவே வேணாம்" என்றேன்.

எண்ணி முடித்துவிட்டு, "எம்பத்தி நாலு" என்றாள். பிறகு கோபமில்லாமல், சந்தேகம் கேட்கிற பிள்ளையின் குரலில் கேட்டாள்:

"எந்த இடத்துல உடனே சொல்லணும், எந்த இடத்துல நிக்கணும்னு நீங்க சொல்லலையே சார்?"

நான் சொல்லவில்லைதான்.